தடைக்காலத்தில் துறைமுகம் துறைமுகமாக

ஞாயிறு, காசிமேடு

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் படகு நெரிசலைப் பார்க்க வேண்டுமானால் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு எதுவும் தொழிலுக்குப் போகக் கூடாது. மற்ற மாதங்களில் பாதிப் படகு கடலில் கிடக்கும், அதனால் இடநெருக்கடி அவ்வளவாகக் கண்ணில் படாது. இது மே கடைசி. எல்லாப் படகும் கரையில்.

ராயபுரம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் இது. இன்று மின்சார ரயிலில் இறங்குகிறவர்களில் பலர் மீன் கூடையோடு வருகிறார்கள். அங்கிருந்து நடந்து துறைமுக வாசலுக்குள் நுழையும்போதே டீசல் வாசமும் பெயிண்ட் வாசமும் சேர்ந்து அடித்தன. தடைக்காலம் என்பது படகுக்குப் பழுது பார்க்கும் காலம். பலகை மாற்றுகிறார்கள், இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், வலை பின்னுகிறார்கள்.

படகு அணையும் தளமான வார்ஃபை ஒட்டி ஒரு வரிசைப் படகு. அதோடு கயிறு கட்டி அடுத்த வரிசை, அதோடு அடுத்தது. கடைசி வரிசையில் இருக்கிற படகுக்குப் போக வேண்டிய ஆள், அடுத்தவர்களின் படகுகள் மேலே தாண்டித் தாண்டித்தான் போகிறார். தோளில் இஞ்சின் சாமானோடு ஒருவர் அப்படிப் போனதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் பாட்டுக்குப் போனார்.

இந்தத் துறைமுகத்தைச் சுமார் 600 படகுக்கு என்று திட்டமிட்டார்கள். 1980களில் முழுமையாக இயங்க ஆரம்பித்தது. இன்று அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது. படகும் பழைய படகு இல்லை. அப்போது சின்ன மரப்படகு. இப்போது நீளமும் அகலமும் கூடி, பத்துப் பதினைந்து நாள் கடலில் தங்கி வருகிற படகுகள். எண்ணிக்கை ஒரு பக்கம், உருவம் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்துதான் இடத்தைத் தின்றிருக்கின்றன.

நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த ஸ்ராங்கு (படகோட்டி) ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“தடை முடிஞ்சு மொத நாள் வெளிய போறதுதாண்ணே பெரிய வேலை. முன்னாடி நிக்கிற லாஞ்சு நகர்ந்தாத்தான் நாங்க நகர முடியும். அந்த ஓனர் டீசல் போடலைன்னா நாங்களும் நிக்க வேண்டியதுதான்.”

“தீப்பிடிச்சா?” என்று கேட்டேன்.

அவர் ஊசியை நிறுத்தாமலே, “விசாகப்பட்டினத்துல நடந்துச்சே, பாத்தீங்கல்ல?” என்றார்.

2023 நவம்பரில் ஓர் இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பிடித்த தீ, நெருக்கிக் கட்டியிருந்த மற்ற படகுகளுக்கும் பரவியது. சுமார் 40 படகு எரிந்தது. ஒவ்வொன்றிலும் டீசல் இருந்தது, கேஸ் சிலிண்டர் இருந்தது. பக்கத்துப் படகை இழுத்து விலக்க இடம் இல்லை. ஆந்திர அரசு படகு மதிப்பில் 80 சதவீதம் நிவாரணம் என்று அறிவித்தது. நெரிசலுக்கு அரசு பணம் கொடுக்கத்தான் செய்கிறது. முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா என்பதுதான் விஷயம்.

முன்னால் கொடுக்கும் பணத்தின் கதைக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி 1 அன்று வாசித்த மத்திய பட்ஜெட்டில் கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், பாரதீப், பெட்டுவாகாட் என்று ஐந்து மீன்பிடித் துறைமுகங்களைப் பொருளாதார மையங்களாக வளர்ப்போம் என்றார்கள். பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். மேற்கு வங்கத்துப் பெட்டுவாகாட்டை விட்டுவிட்டால் மற்ற நான்கும் மத்திய அரசின் பெரிய துறைமுகங்களின் இடத்தில் இருப்பவை. காசிமேடு இருக்கும் நிலமும் சென்னைத் துறைமுகத்துடையதுதான். நிலம் ஒருவருடையது, மீன்வளம் மாநிலத்தின் பொறுப்பு, படகு மீனவருடையது. ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்றாலும் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இங்கே வெகுநாளாக உண்டு. அதனால்தான் காசிமேட்டுக்குப் பணமும் இரண்டு பையிலிருந்து வருகிறது: கப்பல் துறையின் சாகர்மாலா ஒன்று, மீன்வளத் துறையின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 100 கோடி ரூபாய்.

100 கோடி பெரிய தொகை மாதிரிதான் தெரியும். ஏலக்கூடம், வடிகால், சாலை, விளக்கு, வார்ஃப் பழுது, கழிப்பறை, குடிநீர் என்று பிரித்தால் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது ஒரு கல்யாண மண்டபம் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலுக்குள் புதிதாக இடம் உண்டாக்க இதில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஃபைபர் படகுகளுக்குத் தடை கிடையாது என்பதால் சின்ன ஏலம் நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் சங்கரா, கொஞ்சம் கடம்பா, நண்டு. கூடை வைத்திருந்த ஒரு அக்காவிடம், புதுசாகக் கட்டினால் என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

“நெழல் வேணும், நல்ல தண்ணி வேணும், பொம்பளைங்களுக்குத் தனியா கக்கூஸு வேணும். கட்டினா மட்டும் பத்தாது தம்பி, டெய்லி கழுவுறதுக்கு ஆளு வேணும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் இந்தப் பயணம் முழுக்க விசாரிக்கலாம் என்று இருக்கிறேன்.

திங்கள், திருவொற்றியூர் குப்பம்

மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால், கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டிக் கடலைப் பார்ப்பதே ஒரு சாதனை. தாண்டிவிட்டால் கருங்கல் சுவர்கள் தெரிகின்றன. சூரை மீன்பிடித் துறைமுகம். சுமார் 270 கோடி ரூபாயில் கட்டி 2025 மே மாதம் திறந்தார்கள். காசிமேட்டின் பாரத்தைக் குறைப்பது இதன் நோக்கங்களில் ஒன்று. ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கும் படகுகளுக்கு இடம் கொடுப்பது இன்னொன்று.

இந்தப் பணம் வந்த வழி காசிமேட்டு வழி இல்லை. இது கடன். 2018இல் மத்திய அரசு 7,522 கோடி ரூபாய்க்கு மீன்வள உள்கட்டமைப்பு நிதி ஒன்றை அறிவித்தது. திட்டச் செலவில் 80 சதவீதம் வரை கடன் கிடைக்கும். மாநில அரசுத் திட்டமென்றால் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு கொடுக்கும். வட்டியில் 3 சதவீதம் வரை மத்திய அரசு ஏற்கும். இரண்டு ஆண்டு தவணை விடுப்போடு சேர்த்து 12 ஆண்டில் திருப்பிக் கட்ட வேண்டும். நாட்டிலேயே முதலில் ஒப்பந்தம் போட்டது தமிழ்நாடு: 2019 டிசம்பரில், மூன்று துறைமுகங்களுக்கு 420 கோடி. திருவொற்றியூர் குப்பம், கடலூர் முதுநகர், தரங்கம்பாடி. மூன்றையும் பார்த்துவிடுவதாக இருக்கிறேன்.

முழுத் தொகையும் கையில் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், மத்திய அரசு தாங்கும் 3 சதவீதம் என்பது முதல் ஆண்டுக்கு 12 கோடியே 60 லட்சம். மீதி வட்டியும் அசலும் மாநிலக் கஜானாவிலிருந்து, அதாவது மீன் சாப்பிடாதவர் வரிப்பணத்திலிருந்தும் சேர்த்து. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நெல்லுக்கு அணை கட்டும்போது யாரும் சோறு சாப்பிடுகிறவரிடம் மட்டும் வசூலிப்பதில்லை.

இந்தக் கரையில் கல் கொட்டுவதற்கு இன்னொரு பழைய கதை உண்டு. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை மணல் வரத்து நின்று கடல் தின்ன ஆரம்பித்தது. அதைத் தடுக்கத்தான் இந்தப் பக்கம் நெடுகத் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கருங்கல் சுவர்கள். ஒரு துறைமுகத்துக்குப் போட்ட பணம் அடுத்த குப்பத்துக்குச் செலவு வைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தமிழ்நாட்டில் இல்லை. புதுத் துறைமுகத்தின் கணக்கிலும் அதன் வடக்குப் பக்கத்து ஊர்களை முதல் நாளே சேர்க்க வேண்டும்.

சரி, காசிமேட்டுப் படகுகள் இங்கே வருமா? டீக்கடையில் இருந்த குப்பத்துக்காரர் ஒருவர் சிரித்தார். “எடம் இருந்தா போதுமா சார்? மீன வாங்குற ஆள் அங்கதான இருக்கான்.”

காசிமேட்டில் படகு மட்டும் இல்லை. ஐஸ் பிளான்ட், டீசல் பங்க், வலைக்கடை, மரவேலைக்காரர், இஞ்சின் மெக்கானிக், கூலியாள், கூடைக்காரப் பெண்கள், ஏற்றுமதிக் கம்பெனி ஆட்கள், பயணத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மீனுக்குக் காத்திருக்கும் ஏஜென்ட், எல்லாம் ஒரே இடத்தில். இந்த ஏஜென்ட்டிடம் கடன் வாங்கிய ஓனர் மீனை வேறு கரையில் இறக்க முடியாது. நெரிசலைக் கட்டி வைத்திருக்கிற கயிறு அதுதான். கல்லும் கான்கிரீட்டும் போட்டு அதை அவிழ்க்க முடியாது.

ஃபைபர் படகுக்காரரின் கவலை வேறு. பெரிய படகு வந்துவிட்டால் நம் சின்னப் படகைக் கரையேற்றி வைக்க மணல் மிஞ்சுமா என்று கேட்டார். திட்ட அறிக்கைகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

செவ்வாய், கடலூர் முதுநகர்

கடலூர் துறைமுகம் சந்திப்பில் ரயிலை விட்டு இறங்கினால் முதுநகர்தான். இங்கே துறைமுகம் நேரே கடலைப் பார்த்து இல்லை, உப்பனாற்றுக்குள் இருக்கிறது. படகு ஆற்றுக்குள்ளிருந்து முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அலை நேரடியாக அடிக்காது என்பது லாபம். முகத்துவாரத்தில் மணல் மேடிடும் என்பது நஷ்டம். தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் பெரிய படகு நுழைய முடியும்.

அதே கடன் நிதியில் இங்கே படகு அணையும் தளம், ஏலக்கூடம், வலை பின்னும் கூடம் எல்லாம். கட்டடங்கள் நன்றாகவே இருக்கின்றன. வலை பின்னும் கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள், மின்விசிறி ஓடியது. குறை தேடிப் போனவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தூர்வாருவது பற்றி மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். தூர்வாரத் தனி மதிப்பீடு போட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், டிரெட்ஜர் வர வேண்டும். அதற்குள் ஒரு வாடைக்காலம் வந்து மணலைத் திரும்பக் கொட்டிவிட்டுப் போகும்.

அப்புறம், இந்த ஊரில் சுருக்குமடி வலையைப் பற்றி, அதாவது மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் வலையைப் பற்றி, பேசாமல் திரும்ப முடியாது. 2000இல் தமிழ்நாடு அதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு வெளியே, திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. ஒரே துறைமுகத்தில் அந்த வலையை வைத்திருப்பவரும் எதிர்ப்பவரும் அடுத்தடுத்துப் படகு கட்டுகிறார்கள். படகுகளை நெருக்கிக் கட்டுகிற இடத்தில் தகராறும் நெருங்கித்தான் நிற்கும்.

புதன், தரங்கம்பாடி

சிதம்பரம், சீர்காழி என்று பஸ் மாறி மதியம் வந்து சேர்ந்தேன். அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம். டேன்ஸ்போர்க் கோட்டையின் நிழலைத் தவிர உட்கார இடமில்லை. 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை. கொஞ்சம் வடக்கே மாசிலாமணி நாதர் கோயில். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயிலின் முன்பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியிருப்பதைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். கடலைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் முதலில் இந்தக் கோயிலை வந்து பார்க்க வேண்டும்.

இந்த ஊருக்கு மயிலாடுதுறையிலிருந்து ரயில் இருந்தது. 1926இல் வந்தது, 1986இல் நிறுத்திவிட்டார்கள். ஓட்டுகிற செலவு கட்டவில்லை என்பதுதான் காரணம். ரயிலோ துறைமுகமோ, கட்டுவதற்கு ஒருமுறை காசு கிடைத்துவிடும். அதை ஓட்டுவதற்கு ஆண்டுதோறும் காசு வேண்டும்.

துறைமுகத்தில் கல்சுவரின் மேல் நடந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் அமைதி. வலை காய வைக்க இடம் தாராளம். காசிமேட்டுக்காரர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள். துறைமுகம் வருவதற்கு முன் இங்கே படகைக் கரையிலிருந்து கடலில் தள்ளித்தான் இறக்குவார்கள். பெரிய படகு வைத்திருந்தவர் வேறு ஊரில் போய்க் கட்டினார். இப்போது அவர்கள் ஊரோடு இருக்கலாம். காசிமேடு, நாகப்பட்டினம் மாதிரித் துறைமுகங்களில் நிற்கிற வெளியூர்ப் படகுகளுக்கு அவரவர் ஊரிலேயே பாதுகாப்பான கரை கிடைத்தால் அங்கே தானாகவே இடம் காலியாகும். பெரிய துறைமுகத்தை மேலும் பெரிதாக்குவதைவிட இது நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றுகிறது.

வலையில் வேலையாக இருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, “படகு இங்க நிக்கும் தம்பி. மீனு வண்டியில ஏறி நாகப்பட்டினமோ காரைக்காலோ போகும். அந்த வண்டி வாடகை யாரு தலையில?” என்றார். மீன் கிலோவுக்கு எவ்வளவு குறைகிறது என்று அவர் சொன்ன கணக்கை எழுதிக்கொண்டேன். ஒரு பெரியவர் சொன்னதை வைத்து ஊர்க் கணக்குப் போடுவது சரியில்லை என்பதால் இங்கே எழுதவில்லை.

வியாழன், நாகப்பட்டினம்

கடுவையாற்றின் முகத்துவாரம். ஒரு கரையில் நகரம், மறுகரையில் அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். படகுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்துகிடந்த படங்கள் இங்கே எடுத்தவைதான். பிறகு உலக வங்கிக் கடனும் ஆசிய வளர்ச்சி வங்கி உதவியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. வீடுகளோடு மீன்பிடித் துறைமுகங்களைச் சீர்செய்வதும் அந்த வேலைகளில் சேர்ந்திருந்தது. ஒரு பேரிடர் வந்தால் பத்து ஆண்டுகளாக நகராத கோப்பு பத்து மாதத்தில் நகரும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோதும் அப்படித்தான்.

தடைக்காலத்தில் இங்கேயும் படகுகள் நெருக்கமாகத்தான் நிற்கின்றன. பெரும்பாலும் கடலடியில் வலையை இழுத்து மீன் பிடிக்கும் இழுவைமடிப் படகுகள். இவற்றைக் குறைக்கவும் ஒரு பணம் வந்தது. பாக் நீரிணைப் பக்கத்து மாவட்டங்களில் இழுவைமடிப் படகை ஒப்படைத்தால், 80 லட்ச ரூபாய் மதிப்புள்ள ஆழ்கடல் சூரைப் படகு கிடைக்கும் என்று 2017இல் திட்டம் போட்டார்கள். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. இலக்கு 2,000 படகு. அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

ஏன் என்று கேட்டால், கரையில் உட்கார்ந்திருந்த ஓனர் ஒருவர் விரல் மடக்கினார். “எட்டு லட்சம் கையில வேணும். பதினாறு லட்சம் பேங்க் கடன். மடி இழுக்கத் தெரிஞ்ச ஆளுக்குத் தூண்டில் பழக்கணும். அவ்ளோவும் செஞ்சு சூரையப் புடிச்சு வந்தா, அதுக்கு வெல குடுக்குற வியாபாரி இந்தக் கரையில யாரு?” கடைசி விரலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

திருவொற்றியூர் டீக்கடையில் குப்பத்துக்காரர் சொன்னதும் தரங்கம்பாடிப் பெரியவர் சொன்னதும் இதேதான். மூன்று ஊரில் மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தில் கை வைக்கிறார்கள்.

வெள்ளி, வழியில்

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே போவதென்றால் பஸ்ஸும் ரயிலும் மாறி மாறி ஒரு நாளைத் தின்றுவிடும். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒரு கணக்கு மட்டும்.

மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் தொடங்கியபோது 20,050 கோடி என்றார்கள். மேடையில் எப்போதும் இந்த எண்தான் வரும். பிரித்தால் மத்திய அரசின் பங்கு 9,407 கோடி, மாநிலங்களின் பங்கு 4,880 கோடி, பயனாளிகளின் பங்கு 5,763 கோடி. அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல் மீனவரும் மீன் வளர்ப்பவரும் போட வேண்டிய காசு. படகு, ஐஸ் வண்டி, குளம் என்று ஆளுக்குக் கொடுக்கும் இனங்களில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீத மானியம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 60. துறைமுகம் மாதிரிப் பொது வேலைகளில் மத்திய, மாநில அரசுகள் 60க்கு 40 என்று பிரித்துக்கொள்கின்றன.

பணம் கேட்பதற்கு முன் பெங்களூரில் இருக்கும் மீன்வளக் கடலோரப் பொறியியல் மைய நிறுவனம் இடத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும். 1968இலிருந்து அவர்கள் செய்கிற வேலை இது. அலையும் மணலும் எப்படிப் போகும் என்பதற்குப் புனேயில் இருக்கும் நீர், மின் ஆராய்ச்சி நிலையமோ சென்னை ஐஐடியோ சிறிய மாதிரி வடிவம் வைத்துப் பார்க்கும். அலைக்கு மாதிரி, மணலுக்கு மாதிரி. ஏலத்துக்கு ஒரு மாதிரி வைத்துப் பார்ப்பதாக எங்கும் காணோம்.

சனி, தேங்காய்ப்பட்டணம்

குழித்துறையிலிருந்து பஸ். வழியெல்லாம் ரப்பரும் வாழையும். கடல் வந்ததும் ஊரே மாறிவிடுகிறது. குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் துறைமுகம்.

இங்கே இன்னும் தடை வரவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் படகுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு வாரமாகக் கட்டிப்போட்ட படகுகளையே பார்த்த கண்ணுக்கு, ஐஸ் பெட்டி இறங்குவதும் மீன் ஏறுவதும் நன்றாக இருந்தது.

நன்றாக இல்லாதது முகத்துவாரம். இந்தத் துறைமுகம் வந்த பிறகு, நுழைவாயிலில் மணல் சேர்ந்து, அலை உடைந்து, படகு கவிழ்ந்து பலர் இறந்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகக் கட்டிய இடத்தின் வாசலிலேயே. மீனவர்கள் திரும்பத் திரும்பப் போராடினார்கள். பிறகு அலைத்தடுப்புச் சுவரை நீட்டவும் மற்ற வேலைகளுக்குமாகச் சுமார் 250 கோடி என்று முடிவானது. முதலிலேயே சுவரின் நீளத்தையும் திசையையும் சரியாக வைத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைவிட இது எவ்வளவு கூடுதல் என்று யாராவது கணக்குப் பார்க்க வேண்டும். இறந்தவர்கள் வீட்டில் அந்தக் கணக்கைக் காட்ட முடியாது என்பது வேறு.

சுவர்மேல் நான்கு கால் கான்கிரீட் கட்டைகள் (டெட்ராபாட்) அடுக்கியிருந்தார்கள். அங்கே நின்று ஒரு வள்ளம் உள்ளே வருவதைப் பார்த்தேன். வெளியே நின்று, மூன்று நான்கு அலையைப் போகவிட்டு, ஒரு இடைவெளி பார்த்து முழு வேகத்தில் உள்ளே வந்தார்கள். பக்கத்தில் நின்றவர், “தென்மேற்குக் காத்து ஏறட்டும், அப்ப வந்து பாருங்க” என்றார்.

ஆற்றுக்கு மறுபக்கம் இரையுமன்துறை. அதைத் தாண்டி சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை. இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர்போனவர்கள். லட்சத்தீவுப் பக்கம், அதற்கும் அப்பால் என்று வாரக்கணக்கில் போவார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் இந்தக் கரை இழந்ததை இன்னும் சுவரொட்டிகளில் பார்க்கலாம். வீட்டு வாசலில் துறைமுகம் இருந்தும் இவர்களின் பெரிய படகுகள் பெரும்பாலும் நிற்பது கொச்சியில், தோப்பும்படித் துறைமுகத்தில்.

தடைக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்த தூத்தூர்ப் படகுக்காரர் ஒருவரோடு நீண்ட நேரம் பேசினேன். முகத்துவாரத்தைச் சரிசெய்துவிட்டால் இங்கேயே கட்டுவீர்களா என்று கேட்டேன்.

“கட்டலாம் அண்ணே. ஆனா மீன் எங்க விக்க? இருபது நாள் கெடந்து பத்து டன் கொண்டு வாறோம்னு வையுங்க. கொச்சியில அம்பது பேரு கேப்பான். இங்க நாலு பேரு. நாலு பேரும் காலையிலயே பேசி வச்சிட்டு வருவான்.”

“அப்போ என்ன செஞ்சா வருவீங்க?”

“வாசல் ஆழமா இருக்கணும், அது மொதல்ல. அப்புறம் பெரிய ஐஸ் பிளான்ட். ஏற்றுமதிக்காரன் எடை மிஷினோட இங்க ஒரு கடை போடணும். மொத ரெண்டு வருஷம் அவனுக்கு வாடகை வேண்டாம்னு சொல்லுங்க, வருவான். அதுக்கு எத்தன கோடி ஆகும்?”

எனக்கும் அதேதான் கேள்வி. புதுத் துறைமுகத்தில் முதல் சில ஆண்டுகளுக்கு வியாபாரிக்கு வாடகைச் சலுகை, சின்ன ஓனருக்கு ஏஜென்ட் கடனை அடைக்கக் குறைந்த வட்டிக் கடன், தூர்வாருவதற்கென்றே தனியாகப் பூட்டி வைத்த ஒரு வைப்பு நிதி, கழுவும் ஆளுக்குச் சம்பளம். கல்லுக்கு ஆகும் செலவில் இதெல்லாம் ஒரு துண்டு. ஆனால் இவை எதற்கும் அடிக்கல் நாட்ட முடியாது, திறப்பு விழாவும் வைக்க முடியாது. கட்டணம் வசூலித்து நடத்திக்கொள்ளுங்கள் என்று துறைமுகத்தின் தலையிலேயே விட்டுவிடுகிறார்கள். நெரிசல் இருக்கிற இடத்தில் கட்டணம் வரும், வசதி வேண்டிய புது இடத்தில் வராது.

கொச்சித் துறைமுகத்தையும் இப்போது புதுப்பிக்கிறார்கள். 169 கோடி ரூபாய்த் திட்டம், அதில் மத்ஸ்ய சம்பதா மானியம் 100 கோடி, மீதியில் ஒரு பகுதி தனியார் முதலீடு. குளிரூட்டிய ஏலக்கூடம் வரும் என்கிறார்கள். தனியார் போட்ட காசைக் கட்டணத்தில்தான் எடுக்க முடியும். தூத்தூர்ப் படகுக்காரர் அதைத்தான் கடைசியாகக் கேட்டார்: படகு உள்ளே நுழைய எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு. ஆகஸ்டில் தடை முடிந்து முதல் மீனை இறக்கும்போது பார்த்துச் சொல்வதாக போன் நம்பர் கொடுத்திருக்கிறார்.